உள்ளறைக்கு ஒரு வாரிசு

அத்தியாயம் ஒன்பது

'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்று சொல்லி வைத்தவர் இந்த வீட்டு மாமனாரைப் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தால் 'தொண்டை ஓரிடம்' என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்.

"என் மருமகளாய்யா? ஆளை நசுக்குற மெஷினை என் மருமகளா எழுதினா? கேஸ் அடுப்பை அணைச்சோமான்னு படுத்தப்புறம் எந்திரிச்சு வந்து பார்க்கிறவ அவ! அணைஞ்சுதான் இருக்கும். மறுபடியும் வந்து பார்ப்பா. அவ வந்து பார்க்கலேன்னா இப்போ எனக்கே தூக்கம் வர்றதில்லை!"

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் ஹாரன் இல்லாத குறையைக் குரலில் தீர்த்துக்கொண்டிருந்தார். எதிரே சோபாவில் ஒட்டடை, தன் நீளமான கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கி உட்கார்ந்திருந்தான். ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பதால் வந்த பெயர். இயற்பெயர் வங்கிக் கணக்கில் மட்டும் உயிரோடு இருந்தது, அந்தக் கணக்கைப் போலவே அரைகுறையாக.

அவனுடைய முதலாளி ஜன்னலோரம் நின்றிருந்தார். தனியார் துப்பறிவாளர். முகத்துக்கு நேரே 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'வெடியக்கா'. ஒட்டடை மட்டும் தைரியமாக 'அக்கா' என்பான். திரி எப்போது பற்றும் என்று அவனுக்குத் தெரியும். இன்று காலையிலேயே பற்றிவிட்டது.

காரணம் இருந்தது. போன மாதம் ஓர் அலுவலகக் கட்டடத்தில், கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் மேலே கிளம்பியது. பக்கெட்டும் துடைப்பமுமாக ஒரு காலை உள்ளே வைத்திருந்த துப்புரவுப் பெண்ணுக்கு அந்தக் கால் இப்போது இல்லை. லிஃப்டை இயக்கும் மென்பொருளை எழுதிய நிறுவனம், தனக்குத்தானே விசாரணை வைத்து, தனக்குத்தானே தீர்ப்பும் எழுதி, சோதனைப் பிரிவில் இருந்த இந்த மருமகள்தான் குற்றவாளி என்றது. வேலை போனது. போலீஸில் புகாரும் போனது. இன்று மதியம் நிறுவனம் இன்ஸ்பெக்டரிடம் ஆதாரத்தை ஒப்படைக்கும். அதன்பின் கைது.

"மாமா, கொஞ்சம் மூச்சு விடுங்க" என்றாள் மருமகள். அவள் அழவில்லை. அழுது முடித்து, அதற்கு அடுத்த இடத்துக்கு வந்திருந்தாள். "மேடம், என்ன கேக்கணுமோ கேளுங்க."

"என்ன தப்பு நடந்துச்சுன்னு இவனுக்குப் புரியுற மாதிரி சொல்லும்மா. இவனுக்குப் புரிஞ்சா நீதிபதிக்கும் புரியும்."

"ரொம்ப நன்றிக்கா" என்றான் ஒட்டடை.

"லிஃப்டுங்கிறது ஒரு கிளாஸ். எங்க பாஷையிலே அதுதான் பேர். நீங்க வீடுன்னு வெச்சுக்குங்க. அதுக்குள்ளேயே இன்னொரு சின்னக் கிளாஸ். வீட்டுக்குள்ளே ஒரு உள்ளறை மாதிரி. அதுக்குக் 'கதவுக்காவல்'னு பேர். கதவு மூடியிருக்கா, இல்லையா? அதைப் பார்த்துச் சொல்றது மட்டும்தான் அதோட வேலை."

"ஒரே கிளாஸை ரெண்டு வருஷம் படிச்சவன்ம்மா நான். இப்போ கிளாஸுக்குள்ளே கிளாஸா?"

"டேய்" என்றார் வெடியக்கா. ஒட்டடை வாயை மூடினான்.

"ஒரு கிளாஸை அப்பனா வெச்சு இன்னொண்ணு எழுதலாம். வாரிசு. அப்பன்கிட்ட இருக்கிறதெல்லாம் பிள்ளைக்கு வந்துடும். வேண்டாததைப் பிள்ளை மாத்திக்கலாம். அப்பன் போக வேண்டிய இடத்துக்குப் பிள்ளையை அனுப்பினாலும் மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது."

"எங்கப்பாவுக்குப் பதிலா என்னை அனுப்பினா ஊருக்கே தெரியும். அவருக்குக் கொஞ்சம் சதை உண்டு."

மருமகள் சிரிக்கவில்லை. "கதவுக்காவலுக்கு யாரோ அப்படி ஒரு பிள்ளையைப் பெத்து விட்டிருக்காங்க. கதவு திறந்திருந்தாலும் 'மூடியிருக்கு'ன்னு சொல்ற பிள்ளை."



"நீதானேம்மா சோதிச்சே?" என்றார் வெடியக்கா.

"நான் சோதிச்சது அப்பனை மேடம். கட்டடத்துலே ஓடினது பிள்ளை. அப்படி ஒண்ணு இருக்கிறதே விசாரணையிலே அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். லிஃப்ட் ஃபைல் முழுக்க எங்க முதலாளியோடது. அவர் மட்டும்தான் எழுதுவார். பெட்டியாக் கட்டி ஆணியடிச்சுத்தான் எங்க கையிலே குடுப்பார். உள்ளே என்ன இருக்குன்னு யாரும் பார்க்க முடியாது."

"அந்தப் பிள்ளை உன் ஃபைல்லே இருந்துச்சுங்கிறாங்களே?"

"எனக்கு அதைக் காட்டவே இல்லையே!" முதல் தடவையாக அவள் குரல் ஏறியது. "ஒண்ணு மட்டும் சொல்றேன். நான் எழுதியிருந்தா ஓட்டிப் பார்த்திருப்பேன். அங்கே யார் எழுதினாலும் ஓட்டிப் பார்க்கிறது நான்தான். அவர் எழுதுறதையும் சேர்த்து. 'சார், இது ஓடலை, சார், இது ஓடலை'ன்னு அந்த ரூமுக்கு நடந்து நடந்து என் செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். அவர் எழுதுவார். ஓடுதான்னு பார்க்கிறது எங்க தலையெழுத்து."

வெடியக்கா ஜன்னலை விட்டுத் திரும்பினார். அந்த முகத்தை ஒட்டடை அறிவான். மூன்று நாள் தேடிய சாவி தன் கையிலேயே இருப்பதைக் கண்டவருடைய முகம். கோபம் குறைந்த மாதிரி இருக்கும். குறையாது. கூராகியிருக்கும்.

"எல்லாரும் கிளம்புங்க. மாமனாரும் வரட்டும். இங்கே விட்டுட்டுப் போனா சுவர் விழுந்துடும்."

படியில் இறங்கும்போது ஒட்டடை கேட்டான். "அக்கா, எனக்கு ஒண்ணுமே புரியலை. எதைப் பிடிச்சீங்க?"

"ஒருத்தன் ஒரு கத்தியைக் காட்டி, இதாலேதான் குத்தினாள்னு சொல்றான். நீ முதல்லே என்ன கேப்பே?"

"கத்தி யாரோடதுன்னு கேப்பேன்."

"அதைத்தான் எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க, முட்டாள். அந்தக் கத்தி வெட்டுமான்னு ஒருத்தனும் கேக்கலை."

நிறுவனத்தின் முதலாளிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'பெரிய மூளை'. பாதி மரியாதை, பாதி வயிற்றெரிச்சல். அறை அவரைப் போலவே துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மேஜையில் அகலமான திரை ஒன்று. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ். எதிர் நாற்காலியில் இன்ஸ்பெக்டர், தேநீர்க் கோப்பையோடு. மருமகளையும் மாமனாரையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கதவைத் தாண்டியும் மாமனாரின் மூச்சு கேட்டது.

"மேடம், எனக்கும் வருத்தம்தான்" என்றார் பெரிய மூளை. குரலில் எண்ணெய் போட்டிருந்தது. "நல்ல பொண்ணு. ஆனா பாருங்க." திரையைத் திருப்பினார். "அவளோட சோதனை ஃபைல். மேலே அவ பேரு. கீழே, என் கதவுக்காவலை அப்பனா வெச்சு ஒரு பிள்ளை. எப்பவும் 'மூடியிருக்கு'ங்கிற பிள்ளை. சோதனை சீக்கிரம் முடியணும்னு சோம்பேறித்தனமா எழுதியிருக்கா. அது தப்பித்தவறிக் கட்டடத்துக்குப் போயிடுச்சு."

"ஆதாரம் தெளிவாத்தான் இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். கோப்பையை வைத்துவிட்டு எழுந்திருக்கும் தோரணை.

வெடியக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. சுவரைப் பார்த்தார். "அந்தச் சான்றிதழ் எதுக்குக் குடுத்தாங்க?"

பெரிய மூளையின் முகம் மலர்ந்தது. புகழ் என்றால் சில பேருக்கு ஆபத்தின் வாசனையே தெரியாது.

"கதவுக்காவலுக்குத்தான் மேடம்! வெளியிலேருந்து ஒருத்தனும் அதுக்கு வாரிசாக முடியாதபடி பூட்டியிருக்கேன். ஒவ்வொரு கிளாஸுக்கும் கன்ஸ்ட்ரக்டர்னு ஒண்ணு உண்டு. அது உயிர் எடுக்கிற வாசல். பிள்ளை பொறக்கணும்னா முதல்லே அப்பனோட வாசல்லே நுழைஞ்சாகணும். அந்த வாசலை நான் மறைச்சுட்டேன். வாசலே தெரியாம எவன் பொறப்பான்? சான்றிதழ் குடுத்த அதிகாரிங்க அசந்துட்டாங்க."

"எப்போ மறைச்சீங்க?"

"ஆரம்பத்திலேருந்தே. முதல் லிஃப்ட் ஓடினதுக்கு முன்னாடியே. சான்றிதழ்லே தேதி இருக்கே."

ஒட்டடை தொண்டையைக் கனைத்தான். "சார், நான் கொஞ்சம் மந்தம். வெளியாள் நுழைய முடியாதுன்னா இந்தப் பொண்ணோட ஃபைல் வெளியேதானே இருக்கு? அப்போ எப்படி..."

பெரிய மூளை சான்றிதழைத் திரும்பிப் பார்த்தார். 

"கெட்டிக்காரி. ஏதோ வழி கண்டுபிடிச்சிருக்கா."

"அப்போ ஓட்டிக் காட்டுங்க" என்றார் வெடியக்கா.

"என்னது?"

"இந்த ஃபைல்தானே காலை எடுத்துச்சு? ஓட்டுங்க. பார்ப்போம்."

"நான் ஓட்டுறதில்லை மேடம். அதுக்கெல்லாம் ஆள் உண்டு."

"யாரு?"

பெரிய மூளையின் கண் கதவுப் பக்கம் போனது. அந்த ஆள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"ஓட்டிக் காட்டுங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "நாளைக்குக் கோர்ட்டிலே நான்தானே நிக்கணும்."

பெரிய மூளை மவுஸைப் பிடித்துக்கொண்டு திரை முழுக்கத் தேடினார். எந்தப் பொத்தான் என்று நினைவில்லை. பத்து மாடிக் கட்டடங்களுக்கு உயிர் கொடுத்தவர், ஒரு பொத்தானைத் தேடி வியர்த்தார். கடைசியில் கிடைத்தது. அழுத்தினார்.

திரை சிவந்தது. ஒரே ஒரு வரி. ஒட்டடை எழுத்துக்கூட்டிப் படித்தான். தந்தையின் வாசல் மறைவானது, இங்கிருந்து அணுக இயலாது என்பது அதன் சாரம்.

"அதாவது" என்றான் ஒட்டடை, "இந்தப் பிள்ளை பொறக்கவே இல்லை."

"ஒரு நாளும் பொறந்திருக்க முடியாது!" வெடியக்காவின் உள்ளங்கை மேஜையில் இறங்கியது. கோப்பை துள்ளியது. "உங்க பூட்டு அவ்வளவு நல்ல பூட்டு. அந்தப் பொண்ணு எழுதியிருந்தா, எழுதின உடனே ஓட்டிப் பார்த்து, இந்தச் சிவப்பைப் பார்த்துத் தூக்கிப் போட்டிருப்பா. இதை எழுதினவன் எழுதறதை ஓட்டிப் பார்க்கிற வழக்கமே இல்லாதவன். 'சார், இது ஓடலை'ன்னு வந்து சொல்ல ஒருத்தி இருந்தா. அவளைத்தான் நீங்க வேலையை விட்டுத் துரத்திட்டீங்களே!"

பெரிய மூளை கைக்குட்டையை எடுத்தார், மடித்தார், திரும்ப வைத்தார். பிறகு சிரித்தார். 

"சரி. எங்க விசாரணையிலே எங்கேயோ குழப்பம். ஃபைல்கள் மாறியிருக்கலாம். புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகட்டும். விபத்து விபத்தாவே இருந்துட்டுப் போகட்டும். என்ன இன்ஸ்பெக்டர்?"

இன்ஸ்பெக்டர் தோளைக் குலுக்கினார். ஒட்டடைக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல் இருந்தது. வந்த வேலை முடிந்தது, அவள் தப்பித்தாள், மாமனார் இனி தூங்கலாம். 'கிளம்பலாமா அக்கா' என்று வாயெடுத்தவன், அக்காவின் முகத்தைப் பார்த்து அதை அப்படியே விழுங்கினான்.

"விபத்து" என்றார் வெடியக்கா. "அந்தப் பொம்பளைக்கும் இதையே போய்ச் சொல்லுவீங்களா? உன் கால் தானாக் கழண்டு விழுந்துச்சுன்னு?" அவர் கதவைத் திறந்தார். "உள்ளே வாம்மா."

மருமகள் வந்தாள். பின்னாலேயே மாமனார்.

"ஒரு கிளாஸுக்கு வாரிசே வேண்டாம், யாருமே வேண்டாம்னா நீங்கள்லாம் என்ன செய்வீங்க?"

"ஃபைனல்னு ஒரு வார்த்தை மேடம். கிளாஸ் பேருக்கு முன்னாடி போட்டாப் போதும். அதுக்கப்புறம் பிரம்மாவே வந்தாலும் பிள்ளை எழுத முடியாது."

"ஒரே வார்த்தை."

"ஒரே வார்த்தை."

"இவர் அதைப் போடலை. கன்ஸ்ட்ரக்டர், வாசல், மறைப்புன்னு ஊரைச் சுத்தி வந்து பூட்டியிருக்கார். ஏன்? கதவைச் சாத்தினா முடிஞ்சுது. ஒருத்தன் கதவைத் திறந்து வெச்சுட்டு, வாசலுக்கு முன்னாடி திரை கட்டியிருக்கான்னா என்ன அர்த்தம்?"

மருமகள் திரையைப் பார்த்தாள். தன் பெயர் போட்ட அந்த ஃபைலை முதல் முறையாகப் பார்க்கிறாள். முதலாளியின் கம்ப்யூட்டர் என்பதால் அதன் பக்கத்திலேயே லிஃப்ட் ஃபைலும், அந்த ஆணியடித்த பெட்டி, அவள் முன்னால் திறந்து கிடந்தது. அவள் முகத்தில் இரத்தம் ஏறுவது ஒட்டடைக்குத் தெரிந்தது.

"மறைச்ச வாசல் வெளியாளுக்குத்தான் தெரியாது" என்றாள் மெல்ல. "அதே வீட்டுக்குள்ளே இருக்கிற இன்னொரு அறைக்குத் தெரியும். லிஃப்ட் கிளாஸுக்கு உள்ளேயே எழுதினா... பிள்ளை பொறக்கும்."

"உள்ளே யார் எழுத முடியும்?"

யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் குனிந்து விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"தொடாதே!" பெரிய மூளை எழுந்தார். "அது நிறுவனத்தோட சொத்து!"

"உட்காருய்யா" என்றார் மாமனார். இத்தனை வருடம் படிக்கட்டில் தொங்கியவர்களை உள்ளே ஏற்றிய குரல். பெரிய மூளை உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் தலையை அசைத்தார். மருமகள் கதவுக்காவலின் பெயருக்கு முன்னால் அந்த ஒரு வார்த்தையை அடித்தாள். பொத்தான் எங்கே என்று அவள் தேடவில்லை.

திரை மறுபடியும் சிவந்தது. இந்தத் தடவை வேறு வரி. இந்தக் கிளாஸ் இனி வாரிசு ஏற்காது, ஆனால் இங்கே ஒரு வாரிசு இருக்கிறது என்று மெஷின் கைநீட்டிக் காட்டியது. காட்டிய இடம் அதே வீடு. பெரிய மூளையின் சொந்த ஃபைல், கீழே, வெகு கீழே.

அங்கே இருந்தது அந்தப் பிள்ளை. பெயர்கூட வைத்திருந்தார். 'பொறுமை.'

மருமகள் படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் தட்டையாகிக்கொண்டே போனது. "சென்சாரைக் கேக்குது, கதவு மூடியிருக்கான்னு. 'திறந்திருக்கு'ன்னு பதில் வந்தா திரும்பக் கேக்குது. திரும்பவும் கேக்குது. மூணாவது தடவையும் 'திறந்திருக்கு'ன்னு வந்தா..." நிறுத்தினாள். "தானாவே 'மூடியிருக்கு'ன்னு சொல்லிடுது."

"எதுக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மட்டமான சென்சார் சார். தூசி பட்டாலே 'திறந்திருக்கு'ன்னு கத்தும். லிஃப்ட் நின்னுடும். வாங்கினவங்க ஃபோன் பண்ணித் திட்டுவாங்க. சென்சாரை மாத்தச் சொல்லி நான் கேட்டேன். 'ஏற்பாடு பண்ணிட்டேன், இனிமே நிக்காது'ன்னார்." அவள் பெரிய மூளையைப் பார்த்தாள். "இதுதானா சார் அந்த ஏற்பாடு?"

வேலியே பயிரை மேய்ந்த கதை ஒட்டடைக்குத் தெரியும். மேய்ந்த வேலி, பக்கத்து வீட்டு ஆட்டின் மேல் புகார் கொடுத்த கதையை இன்றுதான் பார்த்தான். எதற்கும் ஒரு நக்கல் சொல்லிவிடுவது அவன் வழக்கம். நாக்கைத் துழாவினான். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு பக்கெட், ஒரு துடைப்பம், உள்ளே வைத்த ஒரு கால், இவைதான் கண்ணுக்குள் நின்றன. தன் கை முஷ்டியாகியிருப்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தான்.

"அதை அழிச்சிருக்கலாமே, மடையா" என்றார் வெடியக்கா. மரியாதை எப்போதோ போயிருந்தது. "அவ ஃபைல்லே போலியை வெச்சவன், அசலை ஏன் விட்டே?"

"அழிச்சா எல்லா லிஃப்டும் நிக்க ஆரம்பிச்சுடும்" என்றார் பெரிய மூளை. தன் திறமையைப் புரிந்துகொள்ளாத உலகத்தின் மேல் அவருக்குக் கோபம். "உங்களுக்கு என்ன தெரியும்? மூணு தடவை கேக்குது. மூணு தடவை! பெரும்பாலும் அது தூசிதான்!"

"பெரும்பாலும்" என்றாள் மருமகள்.

மாமனார் முன்னால் நகர்ந்தார். கை ஓங்கியிருந்தது. அவள் திரும்பாமலே சொன்னாள். "மாமா. வேண்டாம். நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அன்று காலை முதல் அவர் செய்த முதல் போலீஸ் வேலை அதுதான். "இந்தப் பொறுமை எத்தனை லிஃப்டிலே ஓடுது?"

பெரிய மூளை தரையைப் பார்த்தார். "எல்லாத்துலேயும்."

"இப்பவுமா?"

பெரிய மூளை ஆமென்று தலையாட்டினார்.

"சார், கண்காணிப்பு அறையிலேருந்து நிறுத்தலாம்" என்றாள் மருமகள். "அங்கே போகாம இந்தக் கம்ப்யூட்டர்லேருந்தும் முடியும். லிஃப்ட் பக்கத்து மாடியிலே போய் நின்னு, கதவைத் திறந்துட்டு அப்படியே இருக்கும். யாரும் உள்ளே மாட்ட மாட்டாங்க. நீங்க சொன்னாப் போதும்."

"பைத்தியமா உனக்கு?" பெரிய மூளை அலறினார். "எல்லாத்தையும் நிறுத்தினா நாளைக்கு இந்தக் கம்பெனியே இருக்காது!"

"நிறுத்துங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, "உங்க மேலே இனி புகார் எதுவும் இல்லை. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

"போறேன் சார். இதை முடிச்சுட்டு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் பச்சைப் புள்ளிகளாக லிஃப்டுகள். ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாக மாறத் தொடங்கின. ஒவ்வொன்றும் மாறிய பிறகு, அவள் இன்னொரு முறை சொடுக்கி, நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள். அறையில் விசைகளின் சத்தம் மட்டும். வெடியக்கா அவள் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, யாராவது கிட்டே வந்தால் கடித்துவிடுவதுபோல் நின்றார்.

முதலில் ஒரு ஃபோன் அடித்தது. பிறகு அடுத்த அறையில் இன்னொன்று. பிறகு எல்லாம் ஒன்றாக.

வரவேற்பறைப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "சார், எல்லா லைனும் அடிக்குது! எங்கே பார்த்தாலும் லிஃப்ட் நின்னுடுச்சாம். எப்ப ஓடும்னு கேட்டுக் கன்னாபின்னான்னு திட்டுறாங்க. என்ன சார் சொல்றது?"

பெரிய மூளை நாற்காலியில் சரிந்தார். 

மருமகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "படியிலே ஏறச் சொல்லுங்க" என்றாள். "கால் இருக்கிறவங்கதானே கேக்கிறாங்க."